பெயர் வெட்டாத நடுகல்

சிங்கப்பூருக்கு வர்ற நம்ம ஊர் ஆளுங்க எல்லாரும் கட்டாயம் போற இடம் ஒண்ணு உண்டு. சிங்கத் தலையும் மீன் உடம்புமா வாயிலிருந்து தண்ணி கொட்டிக்கிட்டு நிக்குமே, மெர்லயன், அதுதான். போட்டோ எடுத்துட்டு, அப்படியே பாலத்தைத் தாண்டி, முள்ளு முள்ளா டுரியான் பழம் மாதிரி இருக்கிற எஸ்பிளனேட் அரங்கத்துக்குப் போவாங்க. அந்த வழியிலேயே, மரங்களுக்கு நடுவுல ஒரு பூங்கா இருக்கு. எஸ்பிளனேட் பூங்கா. அதைக் கடந்து போறவங்க நிறைய, நிக்கிறவங்க கம்மி.

நின்னு பார்க்கணும் நண்பர்களே. இந்திய சுதந்திரப் போராட்டத்துக்கு இந்தியாவுக்கு வெளியில எழுப்பின ஒரு நினைவுச் சின்னம் அங்கேதான் இருந்தது. 'இருந்தது'ன்னு சொல்றதைக் கவனிக்கணும். இப்ப இருக்கிறது அந்தச் சின்னம் இல்லை. அது இங்கே இருந்தது, இடிக்கப்பட்டதுன்னு சொல்ற ஒரு பலகைதான். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின், அதாவது ஐ.என்.ஏ.வின் நினைவிடம்.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிட்டி ஹால் எம்.ஆர்.டி.யில் இறங்கி நடந்து போயிருந்தேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மைதானத்துக்கு எதிரே

பூங்காவுக்கு எதிர்ப்பக்கம் பாடாங் மைதானம். மலாய் மொழியில் பாடாங்னாலே திடல்தான். அதுக்குப் பின்னாடி பெரிய தூண்களோட நிக்கிற பழைய நகராட்சிக் கட்டடம், இப்போ தேசிய ஓவியக் காட்சியகம். சிங்கப்பூரின் பாதி வரலாறு இந்த ஒரு திடல்லயே நடந்து முடிஞ்சிருக்கு. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை சரணடைஞ்சதும், ஊர்ல இருந்த வெள்ளைக்காரங்களை ஜப்பான்காரன் வரிசையா நிக்க வெச்சு சிறைக்கு நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனது இங்கிருந்துதான். 1943 ஜூலை 5-ம் தேதி நேதாஜி படையைப் பார்வையிட்டு, 'டில்லி சலோ'ன்னு முழங்கினதும் இங்கேதான். 1945 செப்டம்பர் 12-ம் தேதி ஜப்பான் தளபதிகள் மவுண்ட்பேட்டன் முன்னாடி சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டதும் இதே நகராட்சிக் கட்டடத்துக்குள்ளதான். 2022-ல் இந்தத் திடலையே தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க. புல்லுக்கு நினைவுச் சின்னப் பட்டமான்னு சிரிக்க வேண்டாம். அந்தப் புல்லு அவ்வளவு பார்த்திருக்கு.

நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. ஜூலை 4-ம் தேதி கேத்தே கட்டடத்துல நடந்த கூட்டத்துல ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை அவர்கிட்ட ஒப்படைச்சார். அக்டோபர் 21-ம் தேதி அதே கேத்தேயில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. மறுநாளே வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படைக்கான பயிற்சி முகாம் தொடக்கம். எல்லாம் நடந்து போற தூரத்துக்குள்ள இருக்கிற இடங்கள். இன்னிக்குப் போய் நின்னா ஷாப்பிங் கூட்டம்தான்.

துரையைப் பார்த்தா சைக்கிள்ல இருந்து இறங்கணும்

ஐ.என்.ஏ.ன்னதும் பள்ளிக்கூடப் புத்தகம் நமக்குச் சொல்றது பஞ்சாபி, சீக்கிய சிப்பாய்களை. அது உண்மைதான். சிங்கப்பூர் விழுந்தப்ப பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர். 1942 பிப்ரவரி 17-ம் தேதி ஃபேரர் பார்க்கில் அவங்களைக் கூட்டி ஜப்பான்காரங்க கையில் ஒப்படைச்சாங்க. கேப்டன் மோகன் சிங் கட்டின முதல் ஐ.என்.ஏ. அங்கிருந்து வந்ததுதான். ஆனா நேதாஜி வந்த பிறகு அந்தப் படையில் இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்துச்சு. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவங்க. மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழங்க.

அவங்க ஏன் வந்தாங்க? தேசபக்தின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். அது போதாது.

1941-ல், ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி, கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச்.நாதன் அதில் முக்கியமான ஆள். கூலியைக் கூட்டணும்ங்கிறதோட கூட அவங்க வெச்ச கோரிக்கையில் ஒண்ணைக் கேளுங்க: துரையோ, கிராணிமாரோ எதிரே வந்தா சைக்கிள்ல இருந்து இறங்கி நிக்கணும்ங்கிற வழக்கம் ஒழியணும். அவ்வளவுதான் கேட்டாங்க. சைக்கிள்ல உட்கார்ந்தபடியே போக அனுமதி! அதுக்குப் பதிலா வந்தது ராணுவமும் துப்பாக்கிச் சூடும். நாதனைப் பிடிச்சு இந்தியாவுக்கு நாடு கடத்தினாங்க.

அப்புறம் ரெண்டே வருஷத்துல ஒருத்தர் வந்து மேடையேறி, 'நீங்கள் கூலிகள் இல்லை, சிப்பாய்கள்' என்கிற மாதிரி பேசினா, அது காதுல எப்படி விழுந்திருக்கும்? நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார், பக்கத்துல ஒருத்தர் தமிழ்ல மொழிபெயர்ப்பார். சைக்கிளை விட்டு இறங்கி நின்னவனுக்கு ஒரு சீருடை. நிமிர்ந்து நடக்கிறதுக்கு ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு, கசப்பானது. போர் வந்ததும் ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டங்கள் முடங்கி, அரிசி கிடைக்காம ஜனங்க தவிச்ச காலம். அப்பதான் ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிச்சுக்கிட்டிருந்தான். நம்ம ஆளுங்க 'சயாம் மரண ரயில்'னு சொல்றாங்களே, அதுதான். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தாங்க. அந்தப் பாதையின் இரு முனைகளும் ஒண்ணு சேர்ந்தது 1943 அக்டோபர் 17-ம் தேதி. நாலு நாள் கழிச்சு, 21-ம் தேதி, இங்கே கேத்தேயில் சுதந்திர அரசாங்கம் அறிவிக்கப்படுது. இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா மனசு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

பெண்கள் கதையைச் சொல்லாம விடக்கூடாது. ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கின கேப்டன் லட்சுமி சென்னைப் பெண். 1940-ல் சிங்கப்பூர் வந்து ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்த டாக்டர். 2012-ல் கான்பூரில் காலமானார். கோலாலம்பூர்ல நேதாஜி பேச்சைக் கேட்டுட்டுப் போட்டிருந்த நகையைக் கழட்டிக் கொடுத்த இளம்பெண் ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன். 2014 வரை வாழ்ந்தார். இவங்க பெயராவது நமக்குத் தெரியும். அவங்களோட அணிவகுத்த தோட்டத்துப் பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத ஊருக்காகத் துப்பாக்கி பிடிச்சவங்க. அவங்க பெயர்?

தோத்த பிறகு எழுப்பின கல்

இந்த நினைவுச் சின்னத்தைப் பத்தி என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அதோட தேதிதான். நேதாஜி அடிக்கல் நாட்டினது 1945 ஜூலை 8. அப்போ எல்லாமே முடிஞ்சு போச்சு. இம்பால், கொஹிமா படையெடுப்பு 1944-லேயே தோத்தாச்சு. பின்வாங்கின வழியில் குண்டடி பட்டுச் செத்ததைவிட மலேரியாவிலும் வயித்துப்போக்கிலும் பட்டினியிலும் செத்தவங்க அதிகம். 1945 மே மாசம் ரங்கூனும் பிரிட்டிஷ்காரன் கைக்குப் போயாச்சு. அந்த நேரத்துல, கர்னல் சிரில் ஜான் ஸ்ட்ரேசிங்கிற ஆங்கிலோ-இந்திய அதிகாரி பொறுப்பில், கடற்கரை ஓரமா அவசர அவசரமாகக் கட்டறாங்க.

ஜெயிச்சவன் வெற்றித்தூண் நடுவான். இது அந்த ஜாதி இல்லை. நம்ம பாஷையில சொன்னா இது நடுகல். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் எல்லையில நடுவாங்களே, அது. படை மிஞ்சாதுன்னு தெரிஞ்ச பிறகு, கல்லாவது மிஞ்சட்டும்னு நினைச்சிருக்கணும்.

'அடையாளம் தெரியாத வீரனுக்கு'ன்னு எழுப்பின அந்தக் கல்லுல மூணு சொல்: இத்தெஃபாக், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். ஐ.என்.ஏ.வின் முழக்கம் அது.

ஆகஸ்ட் 15-ம் தேதி ஜப்பான் சரண். மறுநாள் நேதாஜி சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிட்டார். செப்டம்பர் 5-ம் தேதி பிரிட்டிஷ் படை திரும்ப வந்து இறங்கினது. தென்கிழக்கு ஆசியக் கூட்டுப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன். அவரோட உத்தரவுல, வந்த சில நாளிலேயே கல்லுக்கு வெடி வெச்சாங்க. வெடி வெச்சது யார்? பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ஐந்தாவது டிவிஷன் சப்பர்கள். இந்தியச் சிப்பாய்க்கு எழுப்பின கல்லை இந்தியச் சிப்பாய் கையாலேயே தகர்க்க வெச்சாங்க.

ஏன் அவ்வளவு அவசரம்? அது வெறும் கல்லா இருந்தா விட்டிருப்பாங்க. அடுத்தவன் ராணுவத்துல சத்தியம் பண்ணிச் சேர்ந்த சிப்பாய், அதை மீறி எதிர்ப்பக்கம் போகலாம், அது தியாகம்னு ஒரு கல் சொல்லுது. இந்தியச் சிப்பாயை நம்பியே இருநூறு வருஷம் ஆண்டவனுக்கு அதை நிக்க விட முடியுமா?

ஆனா கல்லை உடைச்ச ரெண்டே மாசத்துல, நவம்பர் 1945-ல் செங்கோட்டை விசாரணை ஆரம்பிச்சது. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான்னு ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூணு பேரையும் ஒண்ணா நிறுத்தினதுல நாடு முழுக்கக் கொந்தளிச்சுப் போச்சு. தீர்ப்பு ஆயுள் நாடு கடத்தல். 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆச்சின்லெக் அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செஞ்சு விட்டுட்டார். பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை எழுச்சி. போர்க்களத்துல ஜெயிக்காத படை கோர்ட்டுல ஜெயிச்சது.

1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூர் வந்தார். இடிச்ச இடத்துல மலர்வளையம் வைக்கிறதா திட்டம். மவுண்ட்பேட்டன் பேசிப் பார்த்ததுல, அதிகாரபூர்வ நிகழ்ச்சியா அது நடக்கலை. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல அதே மவுண்ட்பேட்டன் சுதந்திர இந்தியாவோட முதல் கவர்னர் ஜெனரல்! சுதந்திர இந்தியாவின் ராணுவமும் ஐ.என்.ஏ. சிப்பாய்களைத் திரும்பச் சேர்த்துக்கலை.

பக்கத்துல பக்கத்துல மூணு கல்

அந்தப் பூங்காவில் ஐ.என்.ஏ. பலகை மட்டும் தனியா இல்லை. கூப்பிடு தூரத்துல இன்னும் ரெண்டு.

ஒண்ணு செனோடாஃப். முதல் உலகப் போரில் செத்தவங்களுக்கு பிரிட்டிஷ் அரசு கட்டினது. 1922-ல் வேல்ஸ் இளவரசர் திறந்து வெச்சது. 124 பேருக்கான நினைவிடம், பெயர்கள் எல்லாம் பொறிச்சிருக்கு.

இன்னொண்ணு லிம் போ செங் நினைவிடம். எட்டுப்பட்டை வடிவ சீனக் கோபுரம், சுத்தி நாலு சிங்கம். ஜப்பானை எதிர்த்து பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136-ல் வேலை பார்த்து, பிடிபட்டு, பத்து காஜா சிறையில் சித்திரவதைப்பட்டு 1944 ஜூன் 29-ம் தேதி இறந்தவர். சரியா பத்து வருஷம் கழிச்சு, 1954-ல் அதே தேதியில் திறந்தாங்க. அவர் வாழ்க்கைக் குறிப்பை நாலு மொழியில் வெச்சிருக்காங்க, தமிழும் உண்டு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கல் பிரிட்டிஷ்காரனுக்கு. ஒரு கல் ஜப்பானை எதிர்த்துச் செத்தவருக்கு. ஒரு பலகை ஜப்பானோட சேர்ந்து பிரிட்டிஷ்காரனை எதிர்த்தவங்களுக்கு. உயிரோட சந்திச்சிருந்தா ஒருத்தரை ஒருத்தர் சுட்டிருப்பாங்க. இப்போ ஒரே மர நிழல்.

கூட வேலை பார்க்கிற சீன நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்போ உங்க ஆளுங்க ஜப்பான்காரன் பக்கமா?"ன்னு நேராவே கேட்டார். கோபமாக் கேட்கலை, தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். அவர் கேட்கிறதுல நியாயம் இருக்கு. 1942 பிப்ரவரி, மார்ச்சில் சூக் சிங்ங்கிற பெயரில் சீன ஆண்களை வடிகட்டி ஆயிரக்கணக்கில் கொன்னுருக்கான் ஜப்பான்காரன். பூங்காவுக்குப் பக்கத்துல பீச் ரோட்டில் நாலு தூணா வானத்துக்கு நிக்கிறது அப்படிச் செத்த பொதுமக்களுக்கான நினைவுச் சின்னம். "சைக்கிள்ல இருந்து இறங்க வெச்சவனை எதிர்க்க வேற யாரும் துணைக்கு வரலை"ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. நானும் அதுக்கு மேல வாதம் பண்ணலை. ரெண்டு பேர் வீட்டுத் துக்கத்தையும் தராசுல வைக்க முடியாது.

இந்த ஊர்க்காரங்களை இதுக்காகப் பாராட்டணும். போர் முடிஞ்சு 50 வருஷம் ஆனதை ஒட்டி, 1995-ல் தேசிய மரபுடைமைக் கழகம் போர்க்கால இடங்களை அடையாளம் காட்டி, விரிச்சு வெச்ச புத்தகம் மாதிரி பலகைகள் அமைச்சது. அதில் ஒண்ணு ஐ.என்.ஏ.வுக்கு. சிங்கப்பூர் இந்தியர்களும் நன்கொடை கொடுத்திருக்காங்க. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ், ஜப்பானிய மொழிகளில் விவரம். புகழ்ச்சியும் இல்லை, வசவும் இல்லை. நடந்ததைச் சொல்லுது, அவ்வளவுதான். 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி வந்து மரியாதை செலுத்தினார். மணிப்பூரில் மொய்ராங்கில், 1944 ஏப்ரலில் ஐ.என்.ஏ. கொடி ஏத்தின ஊரில், சிங்கப்பூர்ல இடிச்ச சின்னத்தோட மறுவடிவம் ஒண்ணு இருக்கு.

நான் பலகையைப் படிச்சுக்கிட்டிருந்தப்ப நம்ம ஊர்த் தம்பிங்க ரெண்டு பேர் வந்தாங்க. கட்டுமான வேலை, ஞாயித்துக்கிழமை லீவு. ஒருத்தர் தமிழைப் பார்த்ததும் நின்னுட்டார். முழுசாப் படிச்சுட்டு, "அண்ணே, நேதாஜி இங்கயா இருந்தாரு?"ன்னார். ஆமாம்னேன். "அவரு படையில நம்ம ஆளுங்களும் இருந்தாங்களாண்ணே?" நிறைய பேர், தோட்டத்துல கூலி வேலை பார்த்தவங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னார். "பேரு எங்கயாச்சும் எழுதியிருக்காண்ணே?"

பெயர் எங்கே?

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதிக்கிட்டிருக்கேன்.

செனோடாஃபில் பெயர் இருக்கு. லிம் போ செங்குக்குக் கோபுரமே இருக்கு. பிரிட்டிஷ் பக்கம் நின்னு செத்த இந்தியச் சிப்பாய்களுக்கு வடக்கே கிராஞ்சியில் போர் நினைவிடம் இருக்கு; கல்லறை தெரியாதவங்க 24,000-க்கும் மேல, பல நாட்டுக்காரங்க, அத்தனை பேர் பெயரையும் சுவர்ல வெட்டியிருக்காங்க. அந்தச் சுவர்ல இந்தியப் பெயர்கள் ஏராளம். அவங்க செத்தது வீண்னு சொல்ல மாட்டேன். ஐ.என்.ஏ.யில் சேர மாட்டேன்னு சொன்னதால நியூகினித் தீவுக்குக் கொண்டு போகப்பட்டு அங்கேயே செத்த இந்தியக் கைதிகளும் உண்டு. கொடுத்த வாக்கைக் காப்பாத்தினவங்க அவங்க.

ஐ.என்.ஏ.வில் செத்த தோட்டக்காட்டுத் தமிழனுக்கு மட்டும் ஒரு சுவரும் இல்லை. அந்தப் பழைய கல்லே 'அடையாளம் தெரியாத வீரனுக்கு'ன்னுதான் எழுப்பினாங்க. நடுகல்லுன்னா பெயரையும் அவன் செஞ்சதையும் வெட்டணும்ங்கிறது சங்க காலத்து வழக்கம். இங்கே கல்லே மிஞ்சலை, பெயர் எங்கே மிஞ்சும்? தோட்டத்துச் செக்ரோல்ல ஒரு நம்பர், படையில ஒரு நம்பர். பர்மாக் காட்டுல செத்தா அதுவும் இல்லை.

சுதந்திரம்னு சொன்னா நாம தலைவர்களை வரிசையாச் சொல்றோம். நேதாஜி சாவைப் பத்தி மட்டும் எத்தனை கமிஷன், எத்தனை புத்தகம்! அவர் பேச்சைக் கேட்டு வெட்டுக்கத்தியைக் கீழே வெச்சுட்டுப் போன ஆளைத் தேடி ஒரு கமிஷனும் போடலை. மவுண்ட்பேட்டன் வெடி வெச்சது கல்லுக்குத்தான். அந்தப் பெயர்களை அழிச்சது மறதி. அதுல நமக்கும் பங்கு உண்டு.

ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் 'தாத்தா மலாயாவுல இருந்தாரு, நேதாஜி படையில சேர்ந்தாராம்'னு ஒரு பேச்சு அடிபடும். மலேசியாவில் இருக்கிற நண்பர்கள் வீட்டுலயும் உண்டு. கதை விடறார்னு சிரிச்சுட்டுப் போயிடுவோம். இனிமேலாவது உட்கார்ந்து கேளுங்க. அவர் பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் போனார், திரும்பி வந்தாரா இல்லையா. டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோவோ, பழைய சான்றிதழோ இருந்தா பின்பக்கம் பெயரை எழுதி வைங்க. நேர்ல பார்த்த தலைமுறை அநேகமா போயாச்சு. கேட்ட தலைமுறைக்கும் வயசாயிட்டே வருது.

சிங்கப்பூர் வந்தீங்கன்னா மெர்லயன் பார்த்துட்டு ஒரு பத்து நிமிஷம் இந்தப் பூங்காவுக்கும் ஒதுக்குங்க. டிக்கெட் கிடையாது, வரிசையும் கிடையாது. உங்க வீட்டுல அப்படி ஒரு பெயர் இருந்தா, அந்தப் பலகைக்கு முன்னாடி நின்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டு வாங்க.